பீமாப்பள்ளியில் காட்ஸில்லா தேடிய காலம்: திருட்டு டிவிடி மேல் ஏன் இன்னும் இவ்வளவு பாசம்?

விரல் நுனியில் ஆயிரம் படங்கள் இருக்கும்போதும், மங்கலாக ஓடிய பழைய டிஸ்க்கை நினைத்து ஏங்குகிறோம். அந்த ஏக்கத்துக்குப் பின்னால் தொழில்நுட்பம், சட்டம், கூடவே ஒரு கடலோர ஊரின் கதையும் இருக்கிறது.

டிசம்பர் வந்தால் திருவனந்தபுரத்துக்கு சினிமா காய்ச்சல் வந்துவிடும். கேரள சர்வதேசத் திரைப்பட விழா நடக்கும் வாரம் அது. கழுத்தில் டெலிகேட் பாஸ், கையில் படப் பட்டியல். காலையில் டாகோர் தியேட்டரில் ஒரு படம், மதியம் தம்பானூர் பக்கம் கைரளியில் ஒரு படம். நடுவில் இரண்டு மணி நேரம் கிடைத்தால் ஆட்டோ பிடித்து நேராக பீமாப்பள்ளி.

2000-களில் இந்த நகரத்தில் படித்தவர்கள், டெக்னோபார்க்கில் முதல் வேலைக்கு வந்தவர்கள், நாகர்கோவிலிலிருந்து பஸ் ஏறி வந்தவர்கள் என்று யாரிடம் பேசினாலும் இந்தப் பேச்சு வரும். “இக்கா, குரோசாவா உண்டோ?” என்று அரைகுறை மலையாளத்தில் கேட்பார்கள். கடைக்காரர் படம் எடுப்பது பற்றிப் படித்தவர் இல்லை. ஆனால் குரோசாவா எந்த அடுக்கில், கீஸ்லோவ்ஸ்கி எந்த அடுக்கில் என்று அவருக்குத் தெரியும்.

எல்லாமே திருட்டுப் பிரதி. அது எல்லாருக்கும் தெரியும். அப்புறம் ஏன் அதை இவ்வளவு ஆசையாக நினைவு வைத்திருக்கிறோம்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பீமாப்பள்ளி எப்படி சினிமா சந்தை ஆச்சு?

சங்குமுகம் கடற்கரைக்கும் விமான நிலையத்துக்கும் பக்கத்தில், பூந்துறையை ஒட்டியுள்ள கடலோரப் பகுதி பீமாப்பள்ளி. பீமா பீவி, அவருடைய மகன் மாஹீன் அபூபக்கர் ஆகியோரின் அடக்கத்தலம் இங்கே இருக்கிறது. சந்தனக்குடம் திருவிழாவுக்கு எல்லா மதத்தவரும் வருவார்கள், தமிழ்நாட்டிலிருந்தும் வருவார்கள். கூட்டம் வரும் இடத்தில் கடை வருவது இயல்புதானே.

அடுத்து வந்தது வளைகுடா. 1970-கள் தொடங்கி கேரளத்தின் வீடுகளுக்கு வளைகுடாவிலிருந்து பணம் மட்டும் வரவில்லை. செண்ட், டேப் ரெக்கார்டர், வீடியோ டெக், கேசட் எல்லாம் பெட்டியில் வந்தன. “ஃபாரின் சாமான்” வாங்க பீமாப்பள்ளிக்குப் போவது வழக்கமானது. கேசட் விற்ற கடைகள் விசிடிக்கு மாறின, விசிடி விற்ற கடைகள் டிவிடிக்கு மாறின.

சென்னைக்காரர்களுக்கு இந்தக் கதை புதுசு இல்லை. பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் பிழைப்பதற்காக 1960-களின் இறுதியில் உருவான பர்மா பஜாரும் இதே வழியில்தான் போனது. வெளிநாட்டுச் சாமான் விற்ற பெட்டிக்கடைகள் பின்னாளில் உலக சினிமா டிவிடி விற்கும் கடைகளாயின. இரண்டு இடத்திலும் கடை போட்டவர்கள் பெரிய முதலாளிகள் இல்லை. வேறு வழி குறைவாக இருந்தவர்கள்.

பீமாப்பள்ளிக்குத் தனி குணம் வந்ததற்குக் காரணம், அந்த நகரத்தின் ரசிகர்கள். 1965-ல் அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் சித்ரலேகா ஃபிலிம் சொசைட்டியைத் தொடங்கிய ஊர் திருவனந்தபுரம். 1996-ல் ஆரம்பித்த திரைப்பட விழாவும் சீக்கிரமே இங்கேயே நிலைத்துவிட்டது. விழாவில் ஒரு படம் பேசப்பட்டால், அதைத் தவறவிட்டவர் கடையில் கேட்பார். நாலு பேர் கேட்டால் கடைக்காரர் தேடிக் கொண்டுவருவார். 2013 விழாவுக்குக் கொரிய இயக்குநர் கிம் கி-டுக் வந்தபோது சூப்பர் ஸ்டாருக்குச் சேரும் கூட்டம் சேர்ந்தது. வணிகத் தியேட்டர்களில் நூறு நாள் ஓடியவர் இல்லை அவர். விழாத் திரையும் கடையில் வாங்கிய டிஸ்க்கும் சேர்ந்து கொடுத்த புகழ் அது.

கடையிலேயே வாங்க வேண்டியதுதானே, ஏன் தேட வேண்டியிருந்தது?

ஏனென்றால் ஒழுங்கான வழியில் கிடைக்கவில்லை. ஜப்பானின் ராட்சத மிருகப் படங்களை வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம். இந்த வகைக்கு ஜப்பானியர்கள் வைத்த பெயர் ‘கைஜு’.

நம் ஊர்க் குழந்தைகளுக்கு இது வேறு பெயரில் ஏற்கெனவே அறிமுகம். 80-களில் தூர்தர்ஷனில் ஓடிய ‘ஜெயன்ட் ரோபோ’வை அண்ணன்மார் இன்னும் சொல்வார்கள். 2000-களில் ஜெட்டிக்ஸ் சேனலில் தமிழ் பேசிய பவர் ரேஞ்சர்ஸின் ராட்சதச் சண்டைகள், ஜப்பானியத் தொடர்களிலிருந்து எடுத்து ஒட்டியவை. ஆனால் இதற்கெல்லாம் தாத்தாவான 1954-ன் ‘காட்ஸில்லா’வைப் பார்த்தவர் குறைவு. 1998-ல் ஹாலிவுட் எடுத்த காட்ஸில்லாதான் நமக்குத் தெரிந்தது.

ஜப்பானிலிருந்தே ஒரு கேசட் வாங்கி வந்தாலும் சிக்கல் இருந்தது. ஜப்பான், அமெரிக்கா டிவிக்கள் என்டிஎஸ்சி முறையில் ஓடின. அதில் 525 வரிகள். இந்தியா பால் முறை, 625 வரிகள். சாதாரண டெக்கில் அந்த கேசட்டைப் போட்டால் படம் உருளும், நிறம் போய்விடும். ‘மல்டி சிஸ்டம்’ டெக் வேண்டும். டிவிடி வந்ததும் தொல்லை தீரும் என்று நினைத்தால், உலகத்தை மண்டலங்களாகப் பிரித்துப் பூட்டுப் போட்டார்கள். ஜப்பான் 2, அமெரிக்கா 1, இந்தியா 5. காசு கொடுத்து வாங்கிய ஒரிஜினல் டிஸ்க் நம் வீட்டு பிளேயரில் ஓடாது. பூட்டை உடைத்து எடுத்த திருட்டுப் பிரதி எந்த பிளேயரிலும் ஓடும். நேர்மையாக வாங்கியவனுக்குத்தான் தண்டனை.

இது இந்தியாவின் பிரச்சினை மட்டும் இல்லை. இஷிரோ ஹோண்டா இயக்கிய அசல் ‘காட்ஸில்லா’ 1954 நவம்பர் 3 அன்று ஜப்பானில் வெளியானது. அதே ஆண்டு மார்ச் 1-ல் பிகினி தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டு சோதித்தது. ‘லக்கி டிராகன்’ என்ற ஜப்பானிய மீன்பிடிப் படகு அந்தக் கதிர்வீச்சுச் சாம்பலில் நனைந்தது. படகில் இருந்த 23 பேரும் நோயுற்றார்கள். வானொலி இயக்குநராக இருந்த ஒருவர் செப்டம்பரில் இறந்தார். இந்தத் துக்கம் ஆறும் முன்னே வந்த படம் அது.

அமெரிக்கா இந்தப் படத்தை 1956-ல் வெட்டி ஒட்டி, ஹாலிவுட் நடிகர் ரேமண்ட் பர்ரைப் புதிதாகச் சேர்த்து வெளியிட்டது. அணுகுண்டு பற்றிய கோபம் நிறையவே குறைந்துபோனது. வெட்டப்படாத ஜப்பானிய வடிவம் அமெரிக்கத் தியேட்டர்களில் முறையாக ஓடியது 2004-ல்தான், அதாவது 50 ஆண்டு கழித்து. அதுவரை அசலைப் பார்க்க நினைத்த ரசிகர்களுக்கு ஜப்பானிலிருந்து நகல் எடுத்து கை மாறிய கேசட்டுகள்தான் கதி.

அசலில் ஒரு காட்சி வரும். கடலுக்குப் போன கப்பல் திடீரென்று காணாமல் போகிறது. அலுவலகத்தில் குடும்பங்கள் முண்டியடித்து, ஒரு தகவலாவது சொல்லுங்கள் என்று கெஞ்சுகின்றன. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்தபோது பூந்துறை, விழிஞ்ஞம், தூத்தூர் கரைகளில் நின்ற குடும்பங்களைப் பார்த்தவர்களுக்கு அது ராட்சதப் படம் போலவே தோன்றாது. கடற்கரையில் வாழும் மனிதருக்குச் சேர வேண்டிய படம், பூட்டின் அந்தப் பக்கம் கிடந்தது.

அந்த டேப்பில் உண்மையில் என்ன தெரிஞ்சுது?

கொஞ்சம்தான் தெரிந்தது. விஎச்எஸ் டேப்பில் படம் காந்தப் பதிவாக இருக்கும். ஒரு டேப்பிலிருந்து இன்னொன்றுக்கு எடுக்கும் ஒவ்வொரு முறையும் தெளிவு குறையும், இரைச்சல் கூடும், நிறம் வழியும். நாலாவது ஐந்தாவது நகலில் ராட்சதனும் இருட்டும் ஒன்றாகிவிடும். டிராக்கிங் பட்டனைத் திருகிக்கொண்டே பார்க்க வேண்டும்.

விசிடியில் நகல் எடுப்பதால் தெளிவு குறையாது. ஆனால் ஆரம்பமே குறைச்சல்: 352 புள்ளிக்கு 288 புள்ளி. ஒரு டிஸ்க்கில் 74 முதல் 80 நிமிடம். அதனால் சண்டை சூடுபிடிக்கும் நேரத்தில் எழுந்து போய் இரண்டாவது டிஸ்க் போட வேண்டும். டிவிடியில் 4.7 ஜிபி இடம். அதில் நாலு படத்தை அமுக்கி ‘4 இன் 1’ என்று விற்றார்கள். அட்டையில் ஒரு படம், உள்ளே வேறு படம். சப்டைட்டில் ஐந்து நொடி முன்னால் ஓடும், சில நேரம் வேறு படத்தின் வசனமே ஓடும்.

இந்தக் குறைகள்தான் இப்போது நினைவில் இனிக்கின்றன. காரணம் எளிது. ஒரு படத்துக்காக பஸ் ஏறி, கடை கடையாக விசாரித்து, பிரிண்ட் நல்லாயிருக்குமா என்று கேட்டு, வீட்டுக்கு வந்து டிஸ்க் சுத்தும் வரை மூச்சைப் பிடித்திருந்தோம். அவ்வளவு பாடுபட்டு வாங்கிய படத்தைப் பத்து நிமிடத்தில் நிறுத்திவிட மனசு வராது. அதற்கும் முந்தைய தலைமுறை டெக்கையும் டிவியையும் வாடகைக்கு எடுத்து, தெருவே கூடி விடிய விடிய மூன்று படம் பார்த்ததும் இதே கணக்குதான்.

நகல் இல்லைன்னா படமே இல்லை

ஏக்கத்துக்கு அப்பால் இன்னொரு விஷயம் இருக்கிறது. நகல் எடுப்பது சில நேரம் ஒரு படத்தின் உயிரையே காப்பாற்றியிருக்கிறது.

1922-ல் ஜெர்மனியில் வந்த ‘நோஸ்ஃபெராட்டு’, ‘டிராகுலா’ நாவலை அனுமதி வாங்காமல் எடுத்த படம். நாவலாசிரியரின் மனைவி வழக்குப் போட்டு வென்றார். எல்லா பிரதிகளையும் அழிக்க 1925-ல் தீர்ப்பு வந்தது. வெளிநாடுகளுக்குப் போயிருந்த பிரதிகள் தப்பியதால்தான் இன்று அந்தப் படம் இருக்கிறது.

திருவனந்தபுரத்திலேயே இதற்கு இரண்டு சாட்சிகள் உண்டு. முதலாவது, அகஸ்தீஸ்வரத்துக்காரரான ஜே.சி. டேனியல் எடுத்த முதல் மலையாளப் படம் ‘விகதகுமாரன்’. இங்கே கேபிடல் தியேட்டரில் திரையிடப்பட்டது. அது 1928-லா 1930-லா என்று இன்னும் வாதம் நடக்கிறது. கதாநாயகியாக நடித்த பி.கே. ரோசி, தலித் பெண் என்பதால் துரத்தப்பட்டார். அவர் அந்தப் படத்தில் எப்படி நடித்தார் என்று நமக்குத் தெரியாது. படத்தின் ஒரு பிரதிகூட இன்று இல்லை.

இரண்டாவது, 1933-ல் வந்த ‘மார்த்தாண்ட வர்மா’. சி.வி. ராமன் பிள்ளையின் நாவலை வைத்து எடுத்தது. நாவலின் உரிமை எங்களிடம் இருக்கிறது என்று பதிப்பாளரான கமலாலயா புக் டிப்போ வழக்குப் போட்டது. படம் முடக்கப்பட்டது. பிரதி பதிப்பாளரின் கைக்குப் போனது. அங்கேயே கிடந்து, 1974-ல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. காப்புரிமை வழக்கு அந்தப் படத்தை மக்களிடமிருந்து மறைத்தது. ஆனால் ஒரு பிரதியை மிச்சம் வைத்ததும் அதே வழக்குதான். அந்தக் காப்பகத்தை உருவாக்கிய பி.கே. நாயர் பிறந்ததும் இதே திருவனந்தபுரத்தில்தான்.

அப்படின்னா எல்லாத்தையும் நகல் எடுத்துடலாமா?

இங்கேதான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். சில படங்கள் வெளியே வராததற்குக் காரணம் வியாபாரம் இல்லை. ‘காட்ஸில்லா’வின் தந்திரக் காட்சிகளை அமைத்த எய்ஜி சுபுராயாவின் நிறுவனம் தயாரித்த ‘அல்ட்ரா செவன்’ தொடரின் 12-வது பகுதி 1967-ல் ஒளிபரப்பானது. அதில் வரும் வேற்றுக்கிரகவாசிகளை, அணுகுண்டால் பாதிக்கப்பட்டோரைக் குறிக்கும் சொல்லால் அழைத்து ஒரு சிறுவர் பத்திரிகை எழுதியது. எதிர்ப்பு எழுந்தது. 1970-ல் அந்தப் பகுதியைத் திரும்பப் பெற்றார்கள். முறையான வெளியீடு இன்று வரை இல்லை. அதற்குப் பிறகு பார்த்தவர்கள் பெரும்பாலும் திருட்டுப் பிரதியில் பார்த்தவர்களே.

உயிர் தப்பியவர்களின் மனசு பெரிதா, என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளும் உரிமை பெரிதா? ரசிகர் மனசு சட்டென்று இரண்டாவதைச் சொல்லும். ஆனால் அந்த வலி நம்முடையது இல்லை என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்லுது?

1957-ன் காப்புரிமைச் சட்டம் 63-வது பிரிவின்படி, தெரிந்தே காப்புரிமையை மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, ரூ.50,000 முதல் ரூ.2 லட்சம் வரை அபராதம். தமிழ்நாட்டில் 2004-ல் குண்டர் சட்டத்துக்குள்ளேயே வீடியோ திருட்டைச் சேர்த்தார்கள். அந்தச் சட்டத்தின் நீளமான பெயரில் கள்ளச்சாராயக்காரரும் திருட்டு விசிடிக்காரரும் ஒரே பட்டியலில் நிற்கிறார்கள். தியேட்டரில் படத்தைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்வதற்கு 2023-ல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டம் 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை விதிக்கிறது.

புதுப் படத்தை வெளியான அன்றே நகல் எடுத்து விற்பது தயாரிப்பாளர் முதல் லைட்மேன் வரை எல்லார் வயிற்றிலும் அடிப்பதுதான். அதில் சந்தேகம் இல்லை. கிடைக்காத பழைய படத்தைத் தேடி வாங்கிய நாமும் அதே கடையில்தான் நின்றோம். நாம் வாங்கிய குரோசாவாவுக்குப் பக்கத்து அடுக்கில் நேற்று வெளியான மலையாளப் படமும் இருந்தது.

அந்தக் கடைகளின் விலையை யார் கொடுத்தது?

நம் ஏக்கப் பேச்சில் விடுபட்டுப் போவது இதுதான். டிஸ்க் வாங்கிய நாம் சினிமா ரசிகர் ஆனோம். சிலர் இயக்குநர் ஆனார்கள், சிலர் விமர்சகர் ஆனார்கள். “பீமாப்பள்ளிதான் என் ஃபிலிம் ஸ்கூல்” என்று சொல்வது பெருமையான வசனமாகிவிட்டது. விற்றவருக்குக் கிடைத்தது ரெய்டு, வழக்கு, ‘திருட்டுச் சந்தை’ என்ற பட்டம். ஒரே பரிமாற்றம்தான். ஒரு பக்கம் ரசனை என்று பெயர், மறு பக்கம் குற்றம் என்று பெயர்.

அந்தப் பட்டம் ஊர் முழுவதன் மேலும் விழுந்தது. 2009 மே 17 அன்று, பக்கத்துப் பகுதியான செறியதுறையோடு ஏற்பட்ட மோதலின்போது பீமாப்பள்ளியில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. ஆறு பேர் இறந்தார்கள், பலர் காயமடைந்தார்கள். நீதி விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. அந்தச் சம்பவத்துக்கும் சிடி கடைகளுக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் சட்டவிரோதம் என்ற முத்திரை ஏற்கெனவே விழுந்த ஊரில் ஆறு உயிர் போனால், அதைப் பற்றி மற்றவர்கள் எவ்வளவு சத்தமாகப் பேசுவார்கள்? 2021-ல் ‘மாலிக்’ படம் வந்தபோதுதான் வெளியூர் இளைஞர்கள் பலருக்கு அப்படி ஒரு நாள் இருந்ததே தெரிய வந்தது. அதே ஊரில் டிவிடி வாங்கிய கதையை அதுவரை நூறு முறை சொல்லியிருப்போம்.

இப்போதான் எல்லாம் ஆன்லைனில் கிடைக்குதே?

நிறைய கிடைக்கிறது, உண்மை. 1954 முதல் 1975 வரை வந்த 15 காட்ஸில்லா படங்களைச் சுத்தப்படுத்தி 2019-ல் கிரைட்டீரியன் நிறுவனம் ஒரே பெட்டியாக வெளியிட்டது. ‘காட்ஸில்லா மைனஸ் ஒன்’ 2024-ல் ஆஸ்கர் வாங்கியது. கேரள அரசே 2024 மார்ச்சில் ‘சி ஸ்பேஸ்’ என்ற ஓடிடி தளத்தைத் தொடங்கியது. எம்சோன் என்ற தன்னார்வக் குழு உலகப் படங்களுக்கு மலையாள சப்டைட்டில் எழுதிக் குவிக்கிறது.

ஆனால் ஓடிடியில் நாம் வாங்குவது படத்தை அல்ல, பார்க்கும் அனுமதியை. உரிம ஒப்பந்தம் முடிந்தால் நேற்று இருந்த படம் இன்று இருக்காது. நாடு மாறினால் பட்டியல் மாறும். டிவிடி மண்டலப் பூட்டு வேறு உருவத்தில் இன்னும் இருக்கிறது. நாலு பேர் கேட்டால் தேடிக் கொண்டுவந்த அந்தக் கடைக்காரரின் இடத்தில், ஏற்கெனவே பார்த்தது போலவே இன்னொன்றை நீட்டும் அல்காரிதம் உட்கார்ந்திருக்கிறது.

வீட்டில் பழைய டிஸ்க், கேசட் இருக்கா?

• முதலில் வீட்டு வீடியோக்களைப் பிரித்து வையுங்கள். கல்யாணம், கோயில் கொடை, தாத்தாவின் குரல். இவற்றுக்கு உலகத்தில் வேறு நகல் கிடையாது. உலகின் கடைசி விஎச்எஸ் டெக் தயாரிப்பு 2016-லேயே நின்றுவிட்டது. டிஜிட்டலாக மாற்றும் கடைகளும் குறைந்துகொண்டே வருகின்றன.

• டேப்பில் வெள்ளைப் பொடி மாதிரி தெரிந்தால் அது பூஞ்சை. கடலோர ஈரப்பதத்தில் சீக்கிரம் வரும். அதை டெக்கில் போடாதீர்கள். டேப் கிழியும், டெக்கின் ஹெட்டும் கெடும், அடுத்த கேசட்டுக்கும் பரவும்.

• ரைட் செய்த சிடி, டிவிடிகளின் சாயப் படலம் வெயிலிலும் ஈரத்திலும் அழியும். ஓடும்போதே ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றி, இரண்டு இடத்தில் வையுங்கள்.

• பழைய படம்தானே என்று இணையத்தில் ஏற்றிவிடாதீர்கள். இந்தியச் சட்டப்படி திரைப்படத்துக்குக் காப்புரிமை, வெளியான ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டு. அதற்குப் பிறகும் உள்ளே இருக்கும் இசைக்கும் கதைக்கும் தனிக் கணக்கு உண்டு.

• எங்கேயும் கிடைக்காத பழைய தமிழ், மலையாளப் படம் உங்கள் கையில் இருந்தால், அதைத் தூக்கிப் போடும் முன் புனேயில் உள்ள தேசியத் திரைப்படக் காப்பகத்திடம் ஒரு முறை கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. அடுத்த டிசம்பரில் விழாவுக்குப் போனால் பீமாப்பள்ளிக்கும் போய் வாருங்கள். இந்த முறை டிவிடி கேட்டு அல்ல. கடற்கரையில் ஒரு டீ குடித்து, அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் அந்தக் காலம் எப்படி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். நாம் வாங்கிய கதையை நிறையவே சொல்லிவிட்டோம். விற்றவர்களின் கதையை இன்னும் கேட்கவில்லை.